உடைமை, உழைப்பு, உலை: கிறித்தவப் பேராசிரியர் மூவரின் அரசியல் பொருளாதார நோக்கும் கீரப்பாளையம் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வுலகில் கிறித்தவர்களின் பங்களிப்பு பெரும்பாலும் இலக்கணம், அகராதி, காப்பியம், உரைநடை என்னும் எல்லைக்குள் வைத்தே பேசப்படுகின்றது. நாட்டின் அரசியலையும் பொருளாதாரத்தையும் நோக்கி வினா எழுப்பிய கிறித்தவப் பேராசிரியர்கள் இவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றனர். ஜே.சி. குமரப்பா, சி.டி. குரியன், தியோபிலஸ் அப்பாவு ஆகிய மூவரின் சிந்தனைகளைக் கடலூர் மாவட்டம் கீரப்பாளையம் வட்டாரத்தின் வேளாண் சூழலோடு வைத்துப் பார்க்கும் இக்கட்டுரை, சமய நம்பிக்கை அவர்களுடைய பொருளியல் வினாக்களைக் கூர்மையாக்கிய விதத்தையும், சாதி என்னும் உண்மை முதலிருவரின் பகுப்புமுறையில் இடம்பெறாமற் போனதன் விளைவையும் ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: குமரப்பா, குரியன், தியோபிலஸ் அப்பாவு, நிலைத்த பொருளாதாரம், உடைமை உறவுகள், தலித் இறையியல், கீரப்பாளையம்

தமிழ்த்தொண்டு என்னும் சட்டகம்

கிறித்தவமும் தமிழும் என்னும் பொருளில் வெளிவரும் கருத்தரங்கத் தொகுப்புகளில் ஏறத்தாழ ஒரே பெயர் வரிசையைக் காணலாம். வீரமாமுனிவரில் தொடங்கிக் கால்டுவெல், போப், எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை, வேதநாயகம் பிள்ளை என அவ்வரிசை நீளும். அவர்கள் மொழிக்குச் செய்தவை மதிக்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. எனினும், 'தொண்டு' என்ற அளவுகோல் ஒருவரைப் போற்றுவதற்கு மட்டுமே பயன்படுகின்றது. அவரோடு வாதிடுவதற்கு அது இடந்தருவதில்லை. 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பதற்காக வேதநாயகம் பிள்ளையை நினைவுகூர்கிறோம். 1876 - 78 பஞ்சத்தின்போது பசித்தோருக்குத் தம் பொருளைச் செலவிட்ட அவருடைய செயலை ஓர் அடைமொழியாக்கிக் கடந்துவிடுகிறோம். அவர் பஞ்சத்தை எவ்வாறு புரிந்துகொண்டார் என்ற வினா எழுப்பப்படுவதே அரிது.

பொருளியல் பேசிய கிறித்தவப் பேராசிரியர்கள் தமிழ்த்துறை ஆய்வுகளில் இடம்பெறாமைக்கு அவர்களுள் பலர் ஆங்கிலத்தில் எழுதியது ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் நம் பகுப்புமுறையில் உள்ளது. கிறித்தவர் என்றால் சமயம், பேராசிரியர் என்றால் துறை எனப் பிரித்துப் பழகிய நமக்கு, சமய நம்பிக்கையிலிருந்து ஒரு பொருளியல் வினா பிறக்கக்கூடும் என்பது எளிதில் புலப்படுவதில்லை. மால்கம் ஆதிசேஷையா இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வேலூரில் 1910இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பயிற்றுவித்து, யுனெஸ்கோவில் உயர்பொறுப்பு வகித்து, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். அவருடைய நிறுவனப் பணி தனித்த ஆய்வுக்குரியது. இங்கு அது விரிக்கப்படவில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் மூவரும் ஆசிரியப் பணியில் இருந்தவர்கள். குமரப்பா குஜராத் வித்யாபீடத்திலும், குரியன் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், அப்பாவு மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும் பயிற்றுவித்தனர். அவர்களுடைய கருத்துகளை உரசிப் பார்க்கும் கல்லாகக் கீரப்பாளையம் அமைகின்றது. சிதம்பரத்துக்கு மேற்கே நெல்வயல்கள் சூழ்ந்த ஒன்றியம் இது. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களை மட்டும் மண்டலத்துக்குள் சேர்த்தது. காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகியவற்றோடு கீரப்பாளையமும் அவற்றுள் ஒன்று. நிலமும் நீரும் கூலியும் சாதியும் ஒரே வரப்பில் சந்திக்கும் இடம் என்பதால் இத்தேர்வு பொருந்தும்.

குமரப்பா: ஓடும் நீரும் புதைந்த கரியும்

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்ற பெயரில் 1892இல் தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, இலண்டனில் கணக்காயராகப் பயின்றவர். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி குறித்து ஆய்வு செய்தார். இந்தியாவின் வறுமைக்கு ஆங்கிலேய அரசின் நிதிக்கொள்கையே காரணம் என்று நிறுவ முயன்ற அவ்வாய்வேடு 1929இல் அவரைக் காந்தியிடம் கொண்டுசேர்த்தது. அதையடுத்துக் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்தில் ஊர் ஊராகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார். பேராசிரியர் குமரப்பாவை அறிய விரும்புவோர் அவருடைய பிற்காலத் தத்துவ நூல்களுக்கு முன்பாக இக்கணக்கெடுப்பிலிருந்து தொடங்குவது நலம். எவருக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு வரி, எவ்வளவு கடன் என்று கேட்கும் கணக்காயரின் கண் அதில் தெளிவாகத் தெரிகின்றது.

சட்டமறுப்பு இயக்கத்தின்போது அரசின் பக்கம் நின்ற திருச்சபைத் தலைமையை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். இயேசுவின் போதனையை வழிபாட்டுக்கு உரியதாக மட்டும் கொள்ளாமல், அன்றாடச் செயலுக்குரிய நெறியாகக் கொண்டது அவருடைய வாசிப்பு. சிறையில் எழுதப்பெற்று 1945இல் வெளிவந்த இரு நூல்களை இணைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று 'நிலைத்த பொருளாதாரம்'. ஒரே காலத்தில், ஒரே சிறைவாழ்வின் பின்னணியில் பிறந்த இவ்விரண்டையும் சமய நூல், பொருளியல் நூல் எனத் தனித்தனி அடுக்கில் வைப்பது நூலகத்துக்கு வசதியாகலாம். ஆய்வுக்கு அது இழப்பே.

'நிலைத்த பொருளாதாரம்' இயற்கையிலிருந்து ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் கண்டு காட்டுகின்றது. தனக்கு உணவளிக்கும் உயிரையே கொல்வது முதல் வகை. புலி அதற்குச் சான்று. பிறர் விளைத்ததைப் பறித்துண்பது இரண்டாவது. அது குரங்கின் வழி. உழைத்துத் தனக்குக் கூடு கட்டும் பறவையுடையது மூன்றாவது. கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீக்களுடையது நான்காவது. பயன் கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையுடையது ஐந்தாவது. இதனோடு அவர் வைக்கும் மற்றொரு வேறுபாடு இன்றைய கடலூர் மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துகின்றது. நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கக் குறையும் தேக்க வளத்தை நம்பிய பொருளாதாரம் ஒன்று. ஆற்றுநீர் போலச் சுழன்று புதுப்பித்துக்கொள்ளும் ஓட்ட வளத்தை நம்பிய பொருளாதாரம் மற்றொன்று. முன்னது போட்டியையும் போரையும் வளர்க்கும் என்பது அவர் கருத்து.

கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் கொள்ளிட நீரையும், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டின் வாய்க்கால்களையும் நம்பிய இந்நெல் வட்டாரம் ஓட்ட வளத்தின் பொருளாதாரம். இதற்கு வடமேற்கே 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தேக்க வளத்தின் பொருளாதாரம். சுரங்கம் இயங்குவதற்காக நிலத்தடி நீர் இடைவிடாது இறைக்கப்படுகின்றது. எனவே இங்கு இரண்டு பொருளாதாரங்களும் அருகருகே இருப்பதோடு நிற்கவில்லை. ஒன்று மற்றொன்றின் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டுள்ளது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தின் பகுதியான கால்வாய்ப் பணிக்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் ஏற்கெனவே சட்டப்படி எடுக்கப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் தரப்பு. அறுவடை வரை பொறுத்திருக்கலாகாதா என்பது மக்களின் கேள்வி. 1960இல் மறைந்த குமரப்பாவிடமிருந்து இந்நிகழ்வைப் புரிந்துகொள்ளும் சொற்களைப் பெற முடிகின்றது என்பதே அவருடைய பகுப்பின் வலிமைக்குச் சான்று.

ஆயினும் அவருடைய ஐந்தாம் வகையில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் அவர் சிந்தனைக்குத் 'தாய்மைப் பொருளாதாரம்' என்ற தொடர் வழக்கில் வந்துள்ளது. கேட்பதற்கு இனிய தொடர். ஆனால் நடவுக்காகக் குனிந்து நிற்கும் பெண் தன் உழைப்பைத் தாய்மை என்று அழைப்பதில்லை. கூலி என்ன என்றே கேட்கிறாள். கைம்மாறு கருதாத தொண்டு எனப்படுவது காவிரிப் படுகையின் வரலாற்றில் பெரும்பாலும் கைம்மாறு மறுக்கப்பட்ட ஊழியமாகவே இருந்தது. பண்ணையாள் முறை அத்தகையது. தஞ்சை மாவட்டப் பண்ணையாள்களுக்காக 1952இல் தனிச்சட்டம் தேவைப்பட்டதே அதற்குச் சான்று. விரும்பிச் செய்யும் தொண்டையும் பிறப்பினால் சுமத்தப்பட்ட தொண்டையும் வேறுபடுத்தும் கருவி குமரப்பாவின் ஐவகைப் பகுப்பில் இல்லை. உழுபவருக்கே நிலம் என்ற கொள்கையை முன்வைத்த 1949ஆம் ஆண்டின் காங்கிரசு வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழுவின் அறிக்கையில் உடைமை பற்றிய உறுதி இருந்தது. பறவைகளின் உவமையில் அவ்வுறுதி கரைந்துவிடுகின்றது.

குரியன்: வளர்ச்சியிலிருந்து உடைமைக்கு

கேரளத்தைத் தாய்நிலமாகக் கொண்ட குரியன் (1931 - 2024) தம் ஆசிரிய வாழ்வைத் தாம்பரத்தில் கழித்தவர். 1978 முதல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இயேசுவின் பெயரைப் பொருளியல் நூலுக்குள் கொண்டுவர அவர் முயல்வதில்லை. அதனால் அவரைக் 'கிறித்தவப் பேராசிரியர்' என்று குறிப்பது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். 1974இல் வெளிவந்த 'வறுமையும் வளர்ச்சியும்' என்ற பொருள்படும் அவருடைய நூல் பெங்களூருக் கிறித்தவச் சமய சமூக ஆய்வு நிறுவனத்துக்காகக் கிறித்தவ இலக்கியச் சங்கத்தால் பதிப்பிக்கப்பெற்றது என்பது இவ்வையத்துக்கு ஒரு விடை. அதைவிட நல்ல விடை அவருடைய வினாவின் அமைப்பிலேயே உள்ளது. நாட்டு வருமானம் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, ஏழையின் இடத்திலிருந்து பார்த்தால் இப்பொருளாதாரம் எத்தகையது என்பதே அவர் மீண்டும் மீண்டும் கேட்பது. புள்ளிவிவரங்களை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்ற இத்தேர்வில்தான் அவருடைய நம்பிக்கை செயற்படுகின்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பொருளாதாரம் என்பது சந்தையில் விலைகள் நிகழ்த்தும் இயக்கம் என்ற பாடநூல் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. வளங்களை யார் கட்டுப்படுத்துகிறார், யார் உழைக்கிறார், விளைந்ததில் யாருடைய உரிமை முதலில் தீர்க்கப்படுகின்றது என்பன குறித்து மனிதரிடையே நிலவும் உறவுகளின் அமைப்பே பொருளாதாரம் என்பது 1992இல் வெளிவந்த அவருடைய அறிமுக நூலின் அடிப்படை. இவ்விளக்கத்தை ஒரு களத்துமேட்டில் நின்று சரிபார்க்கலாம். அறுத்த நெல் குவியலாகக் கிடக்கும்போது, கதிர் அறுக்கும் இயந்திரத்தின் மணிக்கணக்கு வாடகை, உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுச் சங்கக் கடன், குத்தகை என ஒவ்வோர் உரிமையும் ஒரு வரிசைப்படி தீர்க்கப்படுகின்றது. முன்பு அறுவடைக்கு வந்தவர்கள் நெல்லாகக் கூலி பெற்ற இடத்தில் இன்று இயந்திரம் நிற்கின்றது. இம்மாற்றத்தை உற்பத்தித்திறன் உயர்வு என்று மட்டும் எழுதினால், அந்த வரிசையிலிருந்து யார் வெளியேற்றப்பட்டார் என்பது மறைந்துவிடும். குரியனின் முறை அதை மறைய விடுவதில்லை.

1950 முதல் 1975 வரையிலான தமிழக ஊரகத்தை ஆராய்ந்து 1981இல் அவர் வெளியிட்ட நூல் இம்முறையின் சிறந்த பயன்பாடு. வேளாண்மை நவீனமாகி உற்பத்தி பெருகிய அதே காலத்தில் அதன் பயன் வளமுடையோரிடம் சேர்ந்ததையும், நிலமற்ற உழைப்பாளரின் வாழ்வு அதற்கேற்ப உயராததையும் அந்நூல் காட்டுகின்றது. திட்டமிடல் தோற்றது திறமைக் குறைவால் அன்று. உடைமை அமைப்பைத் தொடாமல் வறுமையை ஒழிக்க முயன்றதால் தோற்றது என்ற அவருடைய வாதம் இதிலிருந்து வலுப்பெறுகின்றது. 1991க்குப் பின் வந்த தாராளமயக் கொள்கையையும் அவர் இதே அளவுகோலால் அளந்தார். 2012இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே செல்வத்தையும் அதனோடு வளரும் நலமின்மையையும் ஒருங்கே வைத்தார்.

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழகத்தில் முதற்கட்டமாகத் தேர்வான ஆறு மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. 'நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை' என்ற பேச்சு இப்பகுதியில் அன்று முதல் உண்டு. அப்பேச்சைப் பொருளாதாரக் கருத்தாக எடுத்துக்கொள்வோர் பலர். குரியனின் நோக்கில் அது ஓர் உறவுநிலை பற்றிய வாக்குமூலம்: குறைந்த கூலிக்கு வந்தாக வேண்டிய நிலையில் இருந்தவருக்கு வராமலிருக்கவும் ஒரு வாய்ப்பு கிடைத்தது என்பதே அதன் பொருள். அதே வேளையில் நிலத்தின் உடைமை அசையவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருப்பார். 2020ஆம் ஆண்டின் மண்டலச் சட்டத்துக்கும் இது பொருந்தும். ஆலைகளிடமிருந்தும் எண்ணெய், எரிவளித் துரப்பணத்திடமிருந்தும் நிலத்தைக் காக்க முனையும் அச்சட்டம் நிலத்தில் உழைப்பவரின் உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. குமரப்பா அதை வரவேற்றிருக்கக்கூடும். குரியன் அதன் மௌனத்தைச் சுட்டியிருப்பார்.

குரியனிடமும் ஒரு மௌனம் உண்டு. அவருடைய பகுப்பின் அச்சு நிலமும் உடைமையுமே. சாதி அங்கு முதன்மைக் கருவியாக வருவதில்லை. அவர் ஆராய்ந்த காலத்தின் நடுவில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலிப் போராட்டமே பின்னணி. இறந்தோர் தலித் வேளாண் தொழிலாளர் குடும்பத்தினர். இதை உடைமை முரணாக மட்டும் படித்தால் தெருவும் சேரியும் பிரிந்திருந்த ஊரின் அமைப்பு விளங்காது. கூலி உயர்வு கேட்டது ஏன் உயிருக்கே ஆபத்தான மீறலாகக் கருதப்பட்டது என்பதும் விளங்காது. நிலமில்லாமை அங்கு ஒரு பொருளாதார நிலை மட்டுமன்று. பிறப்போடு வந்த விலக்கு. கிறித்துமசு நாளில் நடந்த அக்கொலையைத் தமிழகக் கிறித்தவச் சிந்தனை எவ்வாறு எதிர்கொண்டது என்பது தனி ஆய்வாக விரிய வேண்டிய பொருள்.

அப்பாவு: உலைக்கு வரும் அரிசி

'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு பொருளியல் பேராசிரியர் அல்லர்; இறையியல் கல்லூரியில் தகவல் தொடர்பும் இசையும் கற்பித்தவர். அவரைப் பொருளாதார நோக்கு பற்றிய கட்டுரையில் சேர்ப்பதற்கு மரபான துறைப்பிரிவு இடந்தராது. ஆனால் முதலிருவரும் தாண்டிச் சென்ற சொல்லை நேரே எடுத்தவர் அவரே. கருநாடக இசையிலும் வடமொழி கலந்த நடையிலும் அமைந்த கீர்த்தனை மரபு மேல்தட்டுக் கிறித்தவரின் சொத்தாக இருப்பதைக் கண்டு, நாட்டுப்புற இசையிலும் பேச்சுத்தமிழிலும் வழிபாட்டையே மாற்றி அமைத்தார். கடவுளை 'பெத்தவரே' என்று அவர் விளித்ததில் தந்தை என்ற ஆண்பாற் சொல் விலக்கப்பட்டதோடு, பள்ளிக்கூடத் தமிழும் விலக்கப்பட்டது.

'ஒரே உலை' என்பது அவருடைய மையக்கருத்து. தமிழ்ச் சமூகத்தில் ஒரே உலையில் வெந்ததை உண்பவர்களே ஒரு குடும்பத்தார். தனிக்குடித்தனம் போவதைத் 'தனி உலை வைப்பது' என்று சொல்வதில் இதன் ஆழம் தெரியும். சாதி காக்கப்படுவது இருவழிகளில்: யாரோடு மணம், யாரோடு உணவு. எனவே நற்கருணை ஒரு துண்டு அப்பமாகச் சுருங்காமல், அனைவரும் கொணர்ந்ததைக் கலந்து ஒன்றாகச் சமைத்து உண்ணும் உண்மையான உணவாக இருக்க வேண்டும் என்றார். அவர் கருத்தில் இது குறியீடாக நின்றுவிடுவதன்று, பங்கீட்டு முறை. குமரப்பாவின் தேனீக்கூட்டத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இங்குக் கேட்கப்படுகின்றது: கூட்டத்துக்குள் யார் யாரைச் சேர்ப்பார்கள்?

இக்கேள்வியின் அரசியல் எடை இவ்வட்டாரத்தார் அறிந்ததே. கடலூரை உள்ளடக்கிய அதே கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களுக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புக் கிறித்தவர்களுக்கும் இடையே 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே பீடம், ஒரே அப்பம், ஆனால் இறுதி ஊர்வலத்துக்குத் தனிப்பாதை என்பதே அங்கு எழுந்த வழக்கு. அரசின் நிலையோ இதற்கு நேர்மாறானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது, அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறித்தவருக்கு விரியவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இத்தகுதியை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்நிலையில் ஒரு தலித் கிறித்தவ வேளாண் தொழிலாளி மூன்று ஏடுகளில் மூன்று விதமாகப் பதிவாகிறார். அரசின் ஏட்டில் அவர் மதம் மாறியதால் பட்டியல் சாதித் தகுதியை இழந்தவர். பொருளியலாரின் ஏட்டில் அவர் நிலமற்ற உழைப்பாளர். பங்கின் ஏட்டில் அவர் திருமுழுக்குப் பெற்ற விசுவாசி. மூன்றும் உண்மை, ஆனால் ஊரில் அவர் எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பதை எந்த ஏடும் சொல்வதில்லை. முதலிருவரின் பகுப்பில் சாதி இடம்பெறாமையைத் தனிமனிதக் குறையாக மட்டும் கொள்ள இயலாது. குமரப்பா தேசிய இயக்கத்தின் படித்த வாசகரிடமும், குரியன் திட்டமிடுவோரிடமும் பல்கலைக்கழக மாணவரிடமும் பேசினர். அவ்வாசகரிடம் வளமும் வர்க்கமும் உடனே செல்லுபடியாகும் சொற்கள். அப்பாவு பேசியது சேரியில் கூடிய சபையிடம். அங்குச் சாதியைச் சொல்லாமல் சோற்றைப் பற்றிப் பேச முடியாது. எம்மொழியில், யாரை முன்னிருத்திப் பேசுகிறோம் என்பது எதைக் காண்கிறோம் என்பதையும் முடிவு செய்தது.

அப்பாவுவின் கருத்துக்கும் எல்லை உண்டு. உலை பொதுவாகலாம், அரிசி எங்கிருந்து வருகின்றது? ஒவ்வொருவரும் கைப்பிடி கொணர்ந்தாலும், கீரப்பாளையத்தில் ஒருவரது கைப்பிடி சொந்த வயலில் விளைந்தது, மற்றொருவரது நியாயவிலைக் கடையில் வாங்கியது. ஒன்றாக உண்டபின் இருவரும் அதே நிலவுடைமைக்கே திரும்புகின்றனர். அவருடைய பாடல்கள் சாதியையும் பசியையும் பேசும் அளவுக்குக் குத்தகையையும் கடனையும் பேசுவதில்லை. இவ்விடத்தில் குரியனின் வரிசை தேவைப்படுகின்றது: களத்துமேட்டில் யாருடைய உரிமை முதலில் தீர்க்கப்படுகின்றது என்ற அந்த வரிசை. குரியனை அப்பாவுவின் தமிழில் எழுதிப் பார்த்தால், 'வளங்களின் மீதான கட்டுப்பாடு' என்பதற்குப் பதிலாக 'மடையை யார் தெறக்கிறது' என்று கேட்க வேண்டியிருக்கும்.